குமிழி அடங்கிய நாட்கள்



இவ்வாரத் தியானத்துக்கு மத்தேயு 13-ஆம் அதிகாரத்தின் 33-ஆம் வசனத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். வேதபுத்தகத்தைத் திறந்து அதை ஒருமுறை வாசித்துவிட்டு இதைத் தொடருங்கள். ஆண்டவர் கூறிய உவமைகளுள் மிகச் சிறியவற்றில் அது ஒன்று. இளையகுமாரனின் கதைக்கு லூக்கா 22 வசனங்களை ஒதுக்கியிருக்க, மாவு பிசைந்த இந்தப் பெண்ணுக்குக் கிடைத்திருப்பது ஒரே வசனம். அவளுக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை. அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பழைய புளித்த மாவில் சிறிது எடுத்தாள். புதிய மாவுக்குள் அதை அடக்கிவைத்தாள். அதற்குப் பின் நடந்தவை யாவும் அவள் கண்ணுக்கு மறைவாகவே நடந்தன.

வேதத்தில் புளித்த மாவுக்கு நற்பெயர் குறைவு என்பதை அறிவீர்கள். பஸ்காவின்போது அது வீட்டிலேயே இருக்கலாகாது. பரிசேயரின் போதகத்தைக் குறித்து எச்சரிக்கையில் ஆண்டவர் அதையே எடுத்துக்காட்டினார். கொரிந்து சபையைக் கடிந்துகொண்ட பவுலும் அதையே சொன்னார். ஆயினும் லேவியராகமம் 23:17-ஐப் பாருங்கள். பெந்தெகொஸ்தே நாளில் கர்த்தரின் சந்நிதிக்குக் கொண்டுவரவேண்டிய இரண்டு அப்பங்களும் புளித்த மாவினால் ஆனவையாக இருக்கவேண்டும் என்பது கட்டளை. எகிப்தைவிட்டு ஓடிய இரவில் மாவு புளிக்கக் காத்திருக்க நேரமில்லை. ஓட்டம் முடிந்து, விதைத்து அறுக்க நிலம் கிடைத்தபின், காத்திருந்து செய்த அப்பத்தையும் தம் சந்நிதியில் ஏற்றுக்கொள்கிறார் தேவன். புளித்த மாவு என்பது காத்திருக்கத் துணிந்தவர்களின் மாவு. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

நம் தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்கள் ரொட்டிக்கு 'அப்பம்' என்ற சொல்லை இட்டார்கள். அதனால் நம் மலையோரத்துப் பிள்ளைகள் ஓய்வுநாள் பள்ளியில் ஜீவ அப்பத்தைப் பற்றிக் கேட்கும்போது, கிறிஸ்துமஸ் காலையில் இறைச்சிக் கறியோடு தட்டில் விழும், நடுவில் பஞ்சும் ஓரத்தில் மொறுமொறுப்புமான வெள்ளை அப்பத்தையே எண்ணிக்கொள்கிறார்கள். அந்தத் தவற்றை நான் திருத்துவதில்லை. கோதுமையோ வாற்கோதுமையோ அரிசியோ, அதைப் பொங்கச் செய்வது ஒன்றே. தானியத்திலும் மரத்தின் பாளையிலும் தங்கியிருக்கும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மாவின் இனிப்பை உண்டு காற்றையும் புளிப்பையும் வெளிவிடுகின்றன.

நம் பாட்டிமார் காலத்தில் அப்ப மாவைப் பொங்கவைத்தது கள். பனையிலோ தென்னையிலோ கட்டிய கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது அக்கானி. தடவாவிட்டால் சில மணி நேரத்தில் அதுவே கள். மதுவுக்கு எதிரான பிரசங்கத்தை ஞாயிறு காலையில் பயபக்தியோடு கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்க் கள் ஊற்றிப் புளிக்கவைத்த அப்பத்தை நன்றியோடு உண்டவர்கள் நம் முன்னோர். அதில் அவர்களுக்கு யாதொரு முரண்பாடும் தோன்றவில்லை. 1987 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்கடைகள் மூடப்பட்டபின், தேங்காய்த் தண்ணீரில் சர்க்கரை கலந்து ஓர் இரவு வைத்தோ, பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கரண்டி பழைய மாவு வாங்கியோ சமாளித்தார்கள். பின்னர் கடையில் ஈஸ்ட் பொட்டலம் வந்தது. ஓர் இரவின் வேலை ஓரிரு மணி நேரமாகச் சுருங்கியது.

மேனாட்டார் 'சவர்டோ' என்று அழைக்கும் ரொட்டி அந்தப் பழைய முறையில் செய்யப்படுவதுதான். பொட்டலம் இல்லை. கோதுமை மாவும் தண்ணீரும் கலந்து ஒரு குப்பியில் வைத்து, நாள்தோறும் சிறிது எடுத்துவிட்டுப் புதிதாக மாவும் தண்ணீரும் ஊட்டி வளர்த்தெடுத்த புளிமாவு, ரொட்டியை எழுப்புகிறது. 2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் பல நாடுகளின் கடைகளில் ஈஸ்ட் தீர்ந்துபோனபோது, வீட்டுக்குள் அடைபட்ட மக்கள் ஆயிரக்கணக்கில் இதைச் செய்யத் தொடங்கினார்கள். சிலர் தங்கள் குப்பிக்குச் செல்லப்பெயரும் இட்டார்களாம். நம் அம்மாமார் அதைப் 'பழைய மாவு' என்று அழைத்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். கலங்கிய மனதுக்கு அந்த வேலை ஆறுதல் தந்தது என்று அக்காலத்தில் பலர் எழுதினார்கள். அதை நான் புன்னகையோடு வாசித்துக் கடந்துபோனதுண்டு. ஆனால் இங்கே, நம் கீரிப்பாறையில், ஒரு வீட்டின் பின்திண்ணையில் அதைக் கண்டபின் அது வேறாயிற்று.

நம் சபையைச் சேர்ந்த ஓர் இளைஞரைப் பற்றிச் சொல்லப்போகிறேன். பெயரைச் சொல்லமாட்டேன். கீரிப்பாறையில் பெயரை மறைத்து என்ன பயன், பாதிப்பேருக்கு யாரென்று இப்போதே தெரிந்திருக்கும். ஆயினும் அவரே இதை முழுவதும் வாசித்து, இரண்டு இடங்களில் திருத்தி, "போடுங்க ஐயா" என்று சொன்ன பின்புதான் வெளியிடுகிறேன்.

வளைகுடா நாடொன்றின் ரொட்டிக்கூடத்தில் ஐந்தாண்டுகள் இரவுவேலை செய்தவர் அவர். மழை பிடித்துக்கொண்ட ஓர் ஆனி மாதத்தில் ஊர் திரும்பினார். பெட்டியைத் திறக்கவில்லை. தூக்கம் இல்லை, தூங்கினால் எழுவதில்லை. சோறு வைத்தால் பாதி, அதுவும் தாய் பக்கத்தில் நின்றால். தாயார் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர், விதவை. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாத நாளுக்குக் கூலி இல்லை என்பது உங்களுக்கு நான் சொல்லவேண்டியதன்று. ஆகவே அந்த மாதம் முழுவதும் அந்தச் சிறு வீட்டில் இரண்டு பேர் சுவரைப் பார்த்தபடி இருந்தார்கள்.

ஊர் பல காரணங்களைக் கண்டுபிடித்தது. வேலை போய்விட்டது என்றனர் சிலர். காதல் என்றனர் சிலர். செய்வினை என்று குரலைத் தாழ்த்திச் சொன்னவர்களும் நம் ஆலயத்தில் ஞாயிறுதோறும் அமர்கிறவர்களே. அவருடைய தாய்மாமன் ஒருவர் மட்டும் எந்தக் காரணத்தையும் தேடாமல், காலை பேருந்தில் ஏற்றி, தடிக்காரன்கோணம் வழியாக நாகர்கோவிலுக்கும் அங்கிருந்து ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் அழைத்துச் சென்றார். மனச்சோர்வு நோய் என்று மருத்துவர் சொன்னார். மாத்திரை எழுதினார். அது வேலைசெய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும், அதற்குள் நிறுத்திவிடக்கூடாது என்றும் சொன்னார். நாள்தோறும் ஒரே நேரத்தில் செய்யும்படி சிறு வேலை ஏதாவது இருக்கட்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

சிறு வேலை தானாகவே வந்தது. ஒருநாள் மாலை அப்பத்துக்கு மாவு கரைக்க உட்கார்ந்த தாயார், ஈஸ்ட் தீர்ந்துவிட்டதென்று முணுமுணுத்தார். அடுத்த அறையில் கட்டிலில் கிடந்தவர், பல நாட்களுக்குப் பின் முதன்முறையாக, கேளாமலே பேசினார்: "ஈஸ்ட் வேண்டாம்மா. மாவும் வெள்ளமும் போதும்." தாயாரும் சளைக்கவில்லை. "அப்போ நீயே செய்யி," என்றார்.

அவ்வாறு ஒரு ஊறுகாய்க் குப்பியில் கோதுமை மாவும் தண்ணீரும் கலக்கப்பட்டன. இரண்டாம் நாள் குப்பி குமிழி விட்டு வாய்வரை பொங்கியது. தாயார் அயல்வீட்டாரை அழைத்துக் காட்டினார். மூன்றாம் நாள் பொங்குதல் பாதியாயிற்று. நான்காம் நாள் ஒன்றுமில்லை. மேலே கருத்த நீர், கீழே களி, நடுவே ஒரு கெட்ட நாற்றம். அன்று நான் அவர்கள் வீட்டுக்குச் சென்றிருந்தேன். செத்துப்போச்சு என்று சொல்லித் தாயார் குப்பியைக் கொட்ட எடுத்தபோது, அவர் எழுந்துவந்து கையைப் பிடித்தார். "கொட்டாதீங்கம்மா. இது இப்பிடித்தான் கிடக்கும்."

ஏன் இப்படி என்று நான் கேட்டேன். நான்கு வாக்கியங்களில் அவர் சொன்னதை நான் பின்னர் புத்தகங்களில் சரிபார்த்தேன், பிழையில்லை. முதலிரண்டு நாட்களில் எழும் பொங்குதல் ரொட்டிக்கு வேண்டிய நுண்ணுயிர்களின் வேலையன்று. மாவோடு கூடவந்த வேறு கிருமிகள் தடையின்றிப் பெருகி வாயுவை வெளிவிடுகின்றன. சத்தம் அவற்றுடையது. அதற்குள் புளிப்பு ஏற ஏற, அந்தப் புளிப்பைத் தாங்கமாட்டாமல் அவையே அடங்கிப்போகின்றன. அப்போது குப்பி இறந்ததுபோலக் கிடக்கும். உள்ளே அமிலம் மட்டும் மெல்ல மெல்லச் சேர்ந்துகொண்டிருக்கும். போதுமான அளவு சேர்ந்தபின்னரே, அந்தப் புளிப்பில் வாழக்கூடிய, ரொட்டியை எழுப்பும் ஈஸ்ட் வகைகள் தலைதூக்கும். அதற்கு ஒரு வாரமாகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். புதிதாகத் தொடங்குபவர்களில் பலர் நான்காம், ஐந்தாம் நாளிலேயே கொட்டிவிடுகிறார்கள். கொட்டாதவர்கள் செய்யவேண்டியது ஒன்றுமில்லை. குறித்த நேரத்தில் சிறிது எடுத்துவிட்டு, சிறிது மாவும் தண்ணீரும் ஊற்றி, மூடிவைப்பது மட்டுமே.

ரப்பர்க்காரர்களாகிய உங்களுக்கு இது புதிதன்று. பாலில் ஆசிட் கலந்து தட்டில் ஊற்றிவிட்டால் பின்பு அதன் பாடு. உறையும்வரை விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் ஷீட்டு கெடும். சீக்கிரம் உறையட்டும் என்று ஆசிட்டைக் கூட்டினாலும் கெடும்.

அதே வாரத்தில் நடந்த மற்றொன்றையும் சொல்லவேண்டும். வீட்டு ஜெபக்கூட்டம் ஒன்றில் நம்மில் ஒருவர் அவரைத் தனியே அழைத்து, ஜெபிக்கிற பிள்ளைக்கு மாத்திரை எதற்கு, அது விசுவாசக் குறைவல்லவா என்று கேட்டிருக்கிறார். அன்போடுதான் கேட்டிருப்பார். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நான்காம் நாளில் குப்பியைக் கொட்டவிடாமல் தடுத்த கை, மருந்து தொடங்கிய பன்னிரண்டாம் நாளில் மாத்திரைகளைக் குப்பைக்குழியில் கொட்டியது. மருந்து வேலைசெய்யத் தொடங்கும் நாள் அப்போதுதான் நெருங்கிக்கொண்டிருந்தது.

அதற்கடுத்த வாரம் ஓர் இரவு அவர் வீட்டில் இல்லை. டார்ச்சு விளக்குகளோடு தோட்டத்துக்குள் தேடியவர்களுள் இதை வாசிக்கும் உங்களில் பலர் உண்டு. பால்வெட்டுக்காரர்கள் தலைவிளக்கோடு மரத்துக்கு மரம் போனார்கள். மழை ஓய்ந்திருந்தது என்பதற்கு தேவனுக்கு ஸ்தோத்திரம். விடிவதற்கு முன் காளிகேசத்து ஆற்றோரம் ஒரு பாறையின்மேல் உட்கார்ந்திருந்தவரை அவருடைய தாய்மாமன் கண்டார். எதுவும் கேட்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தார். வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "குப்பிக்கு மாவு ஊத்தினியாடே?" என்று கேட்டாராம். இல்லை என்று தலையசைத்து அவர் எழுந்தார்.

மறுநாள் மருத்துவமனைக்குப் போனார்கள். மருந்து மீண்டும் தொடங்கிற்று. இம்முறை அதைத் தாயார் தம் வேதபுத்தகத்தின் பக்கத்தில் வைத்து, காலை ஜெபம் முடிந்ததும் எடுத்துக் கொடுத்தார்.

பிரியமானவர்களே, இங்கே சில காரியங்களை ஒளிவுமறைவின்றிச் சொல்ல விரும்புகிறேன். 1838-ஆம் ஆண்டில் நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கிய மிஷனரிமாரின் வழிவந்த சபை நம்முடையது. எவரெஸ்டு மலையேற்றத்துக்கு வந்த டாக்டர் சாமர்வெல், நெய்யூரில் வரிசையில் நின்ற நோயாளிகளைக் கண்டு, அங்கேயே தங்கி அறுவைசிகிச்சை செய்தவர். அவர் கத்தியை எடுத்தபோது, ஜெபிக்கிறவனுக்குக் கத்தி எதற்கு என்று நம் தாத்தாமார் கேட்கவில்லை. சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிறவரை நாமும் கேட்பதில்லை. மனம் நோயுறும்போது மட்டும் விசுவாசத்தை அளக்கும் கோலை எங்கிருந்து எடுத்துவருகிறோம்?

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டோடு இருப்பதாகக் கண்டது. பத்துப்பேரில் ஒருவர். நம் ஆலயத்தில் ஒரு பெஞ்சுக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை பெறாதவர்கள் என்பதையும் அதே ஆய்வு கூறுகிறது. அவர்கள் நம்மோடு பாட்டுப் பாடுகிறார்கள், காணிக்கை போடுகிறார்கள், வெளியே வரும்போது சுகமா என்று கேட்டால் சுகம் என்கிறார்கள்.

அப்படியானால் ரொட்டி சுட்டால் மனநோய் தீருமா என்று கேட்பீர்கள். தீராது. புளித்த ரொட்டியில் நல்ல நுண்ணுயிர்கள் இருக்கின்றன, அவை வயிற்றுக்குள் போய் மனதைத் தேற்றுகின்றன என்று கைப்பேசியில் சுற்றும் செய்திகளையும் நம்பவேண்டாம்; அடுப்பின் சூட்டில் அவை மடிந்துவிடுகின்றன. குப்பி செய்தது வேறொன்று. மனச்சோர்வு கொண்டவரிடம் நாம், மனம் சரியானதும் எழுந்து வேலையைப் பார் என்கிறோம். அவருடைய நோயோ அந்த 'சரியானதும்' என்பதையே வரவிடாமல் செய்யும் நோய். ஆகையால் மருத்துவர்கள் முறையைத் திருப்பிப்போடுகிறார்கள். மனம் வரும்வரை காத்திராமல், மனமில்லாமலே செய்யக்கூடிய அளவுக்குச் சிறியதொரு செயலை முதலில் செய்யவைக்கிறார்கள். மனம் பின்னால் மெல்ல வருகிறது. இது வெறும் அறிவுரையன்று, முறைப்படி சோதிக்கப்பட்ட சிகிச்சை. கோவாவில் சங்காத் என்ற அமைப்பினர் இந்த முறையை மருத்துவர் அல்லாத உள்ளூர் மனிதர்களுக்குக் கற்பித்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் நோயாளிகளுக்கு அளிக்கச் செய்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் அதிகமாகத் தேறினார்கள் என்று 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு காட்டுகிறது. மருத்துவர் அல்லாத உள்ளூர் மனிதர்கள் என்ற சொற்களை மறுபடியும் வாசியுங்கள். அது நீங்களும் நானும்தான்.

குப்பி ஒரு நாளைக்கு இரண்டு முறை கேட்டது. நம் ஊர் வெப்பத்துக்கு ஒருமுறை போதாது. காலையில் ஒரு கரண்டி மாவு, ஒரு கரண்டி தண்ணீர், மாலையில் மறுபடியும். அதற்கு மகிழ்ச்சியான முகம் தேவைப்படவில்லை, பேச்சும் தேவைப்படவில்லை. ஏன் இப்படி இருக்கிறாய் என்று அது கேட்கவுமில்லை. எடுத்துவிட்ட மாவை வீணாக்காமல் தாயார் தோசை வார்த்தார். சற்றுப் புளிப்புதான். ஒருநாள் அவர் என்னிடம் சொன்னது: "எனக்கு ஜெபம் பண்ண வராது ஐயா. வாய் திறக்கதில்ல. ஆனா மாவுக்கு வெள்ளம் ஊத்தணும்னு காலத்த எந்திச்சேன்." நான் அவருக்கு 88-ஆம் சங்கீதத்தை வாசித்துக் காட்டினேன். துக்கத்தில் தொடங்கி ஸ்தோத்திரத்தில் முடியாத, இருளிலேயே நின்றுவிடுகிற சங்கீதம் அது. அதை யாரும் வேதத்திலிருந்து கிழித்தெறியவில்லை. வாய் திறவாதவனுடைய ஜெபமும் அந்தப் புத்தகத்துக்குள் இடம்பெற்றிருக்கிறது.

எலியாவையும் நினைத்துக்கொள்ளுங்கள். கர்மேலின்மேல் அக்கினியை இறக்கின மனிதன், அடுத்த அதிகாரத்தில் வனாந்தரத்துச் சூரைச்செடியின் கீழ் விழுந்து, போதும், நான் சாகவேண்டும் என்கிறான் (1 இராஜாக்கள் 19). அவனுக்கு விசுவாசக் குறைவென்று எந்தப் போதகரும் துணிந்து சொல்லமாட்டார். கர்த்தர் அனுப்பிய தூதன் என்ன செய்தான்? கடிந்துகொள்ளவில்லை, கர்மேலை நினைவூட்டவில்லை. தொட்டு எழுப்பினான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. எலியா உண்டான், குடித்தான், மறுபடியும் படுத்துக்கொண்டான். அவன் மறுபடியும் படுத்துக்கொண்டதை நான் ஒவ்வொரு முறையும் நின்று வாசிப்பேன். இவ்வளவு செய்தும் எழவில்லையே என்று தூதன் அலுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் முறை வந்தான். இரண்டாம் முறையும் அதே அடைதான், அதே தண்ணீர்தான். ஓரேபின் மெல்லிய சத்தத்தைப் பற்றி நாம் நிறையப் பிரசங்கிக்கிறோம். அங்கே போய்ச்சேரும்வரை அவனை நடத்திச்சென்றது அந்த இரண்டு வேளை உணவு.

அந்தக் குப்பி பன்னிரண்டாம் நாளில் மெதுவாக எழுந்தது. ஆற்றோரத்து இரவுக்குப் பின் இரண்டு நாள் ஊட்டாமல் கிடந்து, மீண்டும் எழுந்தது. முதல் ரொட்டியைச் சுட அவர்கள் வீட்டில் ஓவன் இல்லை. பழைய இரும்புச் சட்டியில் வைத்து மூடி, மூடியின்மேல் ரப்பர் விறகின் தழலை அள்ளிப் போட்டார்கள். எலியாவின் அடையும் ஏறக்குறைய அப்படித்தான் சுடப்பட்டிருக்கும். முதல் ரொட்டி அடியில் கரிந்து நடுவில் வேகாமல் கல்லைப்போல் இருந்தது. இரண்டாவதும் அப்படியே. ஐந்தாவதிலோ ஆறாவதிலோ ஒரு துண்டு எனக்கும் வந்தது. நேர்மையாகச் சொன்னால், நல்ல ரொட்டி; ஆனால் பல் உள்ளவர்களுக்கானது. நம் சபையின் மூத்தோர் அப்பத்தின் பக்கமே உறுதியாக நிற்கிறார்கள். இப்போது தாயாருடைய அப்பமாவும் அந்தக் குப்பியிலிருந்து ஒரு கரண்டி எடுத்தே புளிக்கிறது. கோதுமைப் புளிமாவில் எழுந்த அரிசியப்பம் சற்று நிறம் மங்கலாக, கூடுதல் மணத்தோடு இருக்கிறது.

அவர் முற்றும் குணமாகிவிட்டார் என்று எழுத எனக்கு ஆசை. அவர் அதை எழுதவேண்டாம் என்றார். அவர் திருத்திய இரண்டு இடங்களில் இது ஒன்று. "நல்ல நாளும் உண்டு, மத்த நாளும் உண்டுன்னு போடுங்க." மருந்து தொடர்கிறது. அளவைக் குறைப்பதை மருத்துவர் பார்த்துக்கொள்கிறார். வாரத்தில் நான்கு நாள் தாய்மாமனோடு தோட்டவேலைக்குப் போகிறார். ஆலயத்துக்குச் சில வாரங்கள் வருவார், சில வாரங்கள் வரமாட்டார். வராத வாரத்தில், ஏன் வரவில்லை என்று வாசலில் நின்று கேட்காதிருங்கள். அவர் வீட்டு வழியாகப் போனால், மாவு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்; பதில் நீளமாகவே வரும்.

நம் வீடுகளில் இதேபோல் படுத்திருக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளைபெற்ற சில வாரங்களில் காரணமின்றி அழுகிற மருமகளைச் சோம்பேறி என்று நினைக்கிற வீடு உண்டு. ஓய்வுபெற்றபின் நாற்காலியைவிட்டு எழாத அப்பா, தேர்வில் தவறிய நாள்முதல் கதவைத் திறக்காத மகன், இவர்களும் உண்டு. அவர்களுக்காக நீங்கள் ஜெபிக்கவேண்டும். ஜெபித்துவிட்டு எழுந்துபோய்ப் பேருந்தில் கூட்டிச்செல்லவும் வேண்டும். ஆசாரிபள்ளம் மருத்துவமனைக்குத் துணைக்கு ஆள் இல்லாதவர்கள் என்னிடம் சொல்லுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன், கூட வருவேன். இரவில், யாரிடமும் பேசமுடியாத வேளையில், 14416 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். அரசின் டெலி-மானஸ் சேவை அது. எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசுவார்கள். அந்த எண்ணை ஆலய அறிவிப்புப் பலகையிலும் எழுதிவைத்திருக்கிறோம். உயிரை விட்டுவிடவேண்டும் என்ற எண்ணம் யாருக்கேனும் வந்தால் விடியட்டும் என்று காத்திராதீர்கள். அந்நேரமே எண்ணை அழையுங்கள், அல்லது என் கதவைத் தட்டுங்கள்.

ஓர் அறிவிப்போடு முடிக்கிறேன். ஆண்டவர் சொன்ன அந்தப் பெண் எடுத்த மாவு மூன்றுபடி. மம்ரேயில் வந்த விருந்தாளிகளுக்காகச் சாராள் பிசைந்ததும் அதே அளவு (ஆதியாகமம் 18:6). ஒரு வீட்டுக்கு அது மிகமிக அதிகம். நம் இளைஞரின் குப்பியும் அவ்வாறே ஒரு வீட்டின் தேவைக்கு மிஞ்சி வளர்ந்துவிட்டது. வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் ஆலயத்தின் பின்புற வராந்தாவில் பெண்கள் ஐக்கிய சங்கத்தார், வேண்டுவோருக்கு ஆளுக்கொரு கரண்டி புளிமாவு கொடுப்பார்கள். எப்படி ஊட்டுவது என்று அவரே சொல்லித்தர ஒப்புக்கொண்டிருக்கிறார். கூட்டம் அதிகமானால் பாதியில் எழுந்துபோய்விடுவேன் என்றும் சொல்லியிருக்கிறார், போகவிடுங்கள். பெரிய வாயுள்ள கண்ணாடிக் குப்பி கொண்டுவாருங்கள். பாதிக்குமேல் நிரப்பாதீர்கள். மூடியை இறுக்கவேண்டாம், மேலே வைத்தால் போதும். உள்ளே எழும் காற்றுக்கு வழி வேண்டும். நான்காம் நாள் அடங்கிக் கிடந்தால் அவர் வீட்டுக்கு ஓடாதீர்கள். மாலையில் மாவு ஊற்றிவிட்டுத் தூங்குங்கள்.